பூங்காவில் என்ன அலுவல்?

யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில் இருக்கும் பழைய பூங்காவுக்குச் சக்கர நாற்காலியில் போகிறேன் என்று சொன்னால், "அங்க உங்களுக்கு என்ன அலுவல்?" என்றுதான் கேட்கிறார்கள். வைத்தியசாலைக்கோ பிரதேச செயலகத்துக்கோ போனால் யாரும் கேட்பதில்லை. முள்ளந்தண்டில் காயப்பட்டவர் வெளியே வருவது மருந்துக்கு, இல்லாவிட்டால் கொடுப்பனவுக்கு என்று எங்கள் சமூகம் முடிவு செய்துவைத்திருக்கிறது. 2009இல் ஷெல் துண்டு பட்டபின், நானும் பல வருடங்கள் அந்த இரண்டுக்கும் மட்டுமே வெளியே வந்தேன்.

பழைய பூங்காவை வளர்த்தவர் பேர்சிவல் அக்லண்ட் டைக். 1867 வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இங்கே அரசாங்க அதிபராக இருந்த ஆங்கிலேயர். பக்கத்தில் இருந்த பழைய கச்சேரி யுத்தத்தில் சிதைந்தது. மரங்கள் தப்பிப் பிழைத்தன. வெயில் ஏறிய நேரத்திலும் அவற்றின் கீழே குளிர்ச்சி இருக்கும்.

மரத்தடி மண் வேறு விதமான நிலம். சக்கர நாற்காலியின் முன்சக்கரங்கள் சிறியவை. பொருக்கு மண்ணில் புதைந்து, வேரில் தட்டி நின்றுவிடும். தள்ளுபவர் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்தால் ஓரளவு நகரும். அப்படிப் போகும்போது மரங்கள் எனக்கு முன்னால் விலகிக்கொண்டே போகின்றன. சேரும் இடம் கண்ணில் படாது. இதில் ஒரு சுகமும் இருக்கிறது என்று சொன்னால் நண்பன் சிரிக்கிறான், இழுப்பது அவன்தானே.

ஆனால் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதை மண் தீர்மானிப்பதில்லை. மலசலகூடம்தான் தீர்மானிக்கிறது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட பலருக்குச் சிறுநீர் வெளியேற்ற சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை குழாய் தேவை. அதற்குச் சுத்தமான, நாற்காலி திரும்பக்கூடிய இடம் வேண்டும். அது கிடைக்காது என்று தெரிந்தால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவோம். அதன் விலை சிறுநீர்த் தொற்று, பிறகு சிறுநீரகம். நான் பெயர் சொல்லாத ஓர் பொது இடத்தில், வாசலில் சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய மலசலகூடத்துக்குள் விளக்குமாறுகளும் பெயின்ற் வாளிகளும் அடுக்கியிருந்தன. கதவும் உள்பக்கமாகத் திறந்தது. அந்தப் படத்தை ஒட்டியவர் கடமையை முடித்துவிட்டார்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மற்றவர்கள் போய்வரும் எந்தக் கட்டடத்துக்கும் இடத்துக்கும் வலுவிழந்தவர்கள் போவதைத் தடுக்கக்கூடாது என்கிறது. "இடம்" என்ற அந்தச் சொல்லுக்குள் பூங்காவும் அடங்கும். அணுகும் வசதிக்கான ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தது 2006 ஒக்ரோபரில். ஏ9 வீதி மூடப்பட்டு அப்போது இரண்டு மாதங்கள். வாசல்களின் அகலத்தைப் பற்றி அரசு எழுதிக்கொண்டிருந்தபோது, அந்த வாசல்கள் தேவைப்படப்போகிறவர்கள் வன்னியில் இன்னும் ஓடித்திரிந்துகொண்டிருந்தார்கள்.

புதிய பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளை மீறக்கூடாது என்று 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. வழக்கை நடத்தியவர் அஜித் பெரேரா, 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின்மீது மரம் விழுந்து நடக்கமுடியாமற்போனவர். தெற்கில் மரம் விழுந்தவரும் வடக்கில் ஷெல் விழுந்தவரும் ஒரே வாசற்படியின் முன்னால்தான் நிற்கிறோம். எண்ணிக்கைதான் வேறு. யுத்தம் இங்கே ஒரு தலைமுறையையே சக்கரத்தில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறது.

அந்தத் தலைமுறைக்குச் சக்கர நாற்காலி கொடுக்கும் நிகழ்வுகளுக்குக் குறைவில்லை. மேடை, மாலை, புகைப்படம் எல்லாம் உண்டு. சில மேடைகளுக்கு ஏறச் சாய்தளம் மட்டும் இருக்காது; பயனாளியைத் தூக்கித்தான் ஏற்றுவார்கள்.

பழமையான இடத்தில் கைவைக்கக்கூடாது என்ற வாதத்தை நான் பாதி ஏற்கிறேன். ஒரு வேரைக்கூட வெட்டவேண்டாம். சீமெந்து ஊற்றி மரங்களின் மூச்சை அடைக்கவும் வேண்டாம். வேரை விலத்திப்போகும், இறுக்கிய கிரவல் பாதை ஒன்று போதும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சாய்தளத்துக்கான பொதுவான கணக்கு. ஆறு அங்குலப் படிக்கு ஆறடிதான் வரும்.

2025 மே மாதம் தெரிவான உள்ளூராட்சி சபைகள் வடக்கில் ஒவ்வொரு ஆண்டும் வரவுசெலவுத் திட்டம் போடுகின்றன. அழகுபடுத்தலுக்கு என்று அதில் ஒரு வரி இருக்கும். உங்கள் வட்டார உறுப்பினரைக் கண்டால், அந்த வரிக்குள் சக்கர நாற்காலி போகும் பாதையும் மலசலகூடமும் இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டி முடித்ததும், நாடா வெட்டுவதற்கு முதல்நாள், எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு உள்ளே போய்க் கதவைப் பூட்டிப் பார்க்கச் சொல்லட்டும்.