வெற்றி வீரருக்குச் சாமான் லிப்டு!

1936-ம் வருஷம் பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்தில் ஜெசி ஓவன்ஸ் என்னும் கறுப்பினத் தோழர் நான்கு தங்க மெடல்கள் வாங்கி, இட்லரின் ஆரிய ஜம்பத்தை மண் கவ்வச் செய்தாரென்று அமெரிக்க வெள்ளையர் மார்தட்டிக் கொள்ளுகிறார்கள். தட்டட்டும். ஆனால் அந்த வீரரை அவர்கள் நடத்திய யோக்கியதை என்ன என்று கேட்கின்றோம்.

அவர் அலபாமாவில் வாரத்துக்கு உழுத குடியானவர் மகன். ஓஹியோ சர்வகலாசாலைக்காக ஓடிக் கீர்த்தி தேடிக் கொடுத்தவருக்கு, கறுப்பர் என்பதனாலேயே அதன் விடுதியில் இடமில்லை. உபகாரச் சம்பளமுமில்லை. லிப்டு ஓட்டிப் பிழைத்துக்கொண்டு படித்தார். 1935 மே 25-ல், 45 நிமிஷத்துக்குள் பல உலக சாதனைகளை முறியடித்தவையும் அதே கால்கள்தான்!

பெர்லினில் ஜெயித்த கையோடு, கூலியின்றி ஐரோப்பாவில் ஊர் ஊராக ஓடச் சொன்னார்கள். முடியாதென்று வீடு திரும்பினார். அமெரிக்கப் பந்தயச் சங்கத்தார் அவரைத் தள்ளி வைத்துவிட்டார்கள். நியூயார்க்கில் அவருக்கென்றே நடந்த விருந்துக்கு அவரைச் சாமான் ஏற்றும் லிப்டில் போகச் செய்தார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டோ ஒரு வாழ்த்துத் தந்திகூட அடிக்கவில்லை. இட்லர் கைகுலுக்கவில்லை என்று அழுதவர்கள் இதற்கென்ன சொல்லுகிறார்கள்?

அவ்வருஷ டிசம்பரில் ஹவானாவில் அவர் குதிரையோடு பந்தயம் ஓடினார். அது இழிவென்று சொல்ல வருகிறவர்களைக் கேட்கின்றோம்: மெடலை நீட்டினால் கடைக்காரன் அரிசி அளப்பானா?

ஜனாதிபதி போர்டு அவருக்குச் சுதந்திரப் பதக்கம் கொடுத்தது 1976-ல். அப்போது அவருக்கு வயது 62. நூறு மீட்டரை 10.3 விநாடியில் ஓடியவரிடம் வந்து சேர, அமெரிக்க மரியாதைக்கு நாற்பது வருஷம் பிடித்தது!