சாயம் செடியில், லாபம் யார் மடியில்?

இயற்கைச் சாயம், செடிச் சாயம், மண்ணுக்குக் கேடு செய்யாத துணி என்று பட்டணத்துக் கண்காட்சிகளிலும் பெரிய ஜவுளிக் கடைகளிலும் இப்போது இதே பேச்சாக இருக்கிறது. அவுரி நீலம், மாதுளைத் தோல் மஞ்சள், சாயவேர்ச் சிவப்பு என்று சீட்டு ஒட்டி, சாதாரணச் சேலையைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் மண்ணுக்கும் ஆற்றுக்கும் நன்மை செய்த திருப்தியோடு வீடு திரும்புகிறார்கள்.

நாம் இதை எதிர்க்கவில்லை. ஆற்றில் விஷம் கலக்காத சாயத்தை எந்தத் தொழிலாளி எதிர்ப்பான்? சாயப் பட்டறையில் கொதிக்கும் தொட்டியருகே நின்று கை வெந்து போகிறவன் அவன்தானே! கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டியவளும் அவன் மனைவிதானே! ஆனால், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சாயம் மாறினால் போதுமா? சாயம் தோய்ப்பவன், நெய்பவள், செடி பயிரிடுபவன் ஆகியோரின் வாழ்வு மாற வேண்டாமா?

ஒரகடம் நாற்சந்தியில் நின்றால் இந்தக் கேள்வியின் பொருள் தெளிவாக விளங்கும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் அங்கே சந்திக்கின்றன. 2010-ல் ரெனோ-நிஸான் கார் தொழிற்சாலை, 2013-ல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை என்று வரிசையாக வந்தன. ஏரியும் வயலுமாக இருந்த பூமி இன்று ஆலைகளும் லாரிகளுமாக நிற்கிறது. அதே சாலையில் மேற்கே போனால் வாலாஜாபாத்; அதற்கும் அப்பால் காஞ்சிபுரம். உலகம் புகழும் பட்டு நெய்யும் காஞ்சியிலிருந்து நெசவாளியின் மகன் விடியுமுன் கம்பெனி பஸ்ஸில் ஏறி இந்தப் பக்கம் வருகிறான். அப்பன் தறிக்குழியில் இறங்குகிறான். பிள்ளை ஒப்பந்தத் தொழிலாளியாக ஆலைக்குள் நுழைகிறான்.

பிள்ளையைக் குறை சொல்ல முடியுமா? மத்திய சர்க்காரின் கைத்தறிக் கணக்கெடுப்பே பதில் சொல்கிறது. 2009-10-ல் தேசமெங்கும் 43 லட்சம் பேர் கைத்தறியிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருந்தார்கள். 2019-20-ல் அது 35 லட்சமாகக் குறைந்தது. நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே! நெசவாளர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். இந்த நிலையில் 2020-ல் மத்திய சர்க்கார் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையே கலைத்துவிட்டது. பாரம்பரியம், பெருமை என்று மேடையில் முழங்குகிறவர்களின் செயல் இதுதான்.

இனி சாயத்தின் கதைக்கு வருவோம். ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடந்து போன வண்ணத் துணிகளின் சிவப்பு, மணற்பாங்கில் வளரும் இம்பூரல் என்ற சாயவேரிலிருந்து வந்தது. கடுக்காயும் படிகாரமும் அந்த நிறத்தை நூலில் பிடித்து நிறுத்தின. நீலத்துக்கு அவுரி. பட்டுக்குச் சிவப்பு தந்தது அரக்குப் பூச்சி. இன்று ரசாயனச் சாயத்தில் தோய்த்த சேலையைக்கூட 'அரக்கு நிறம்' என்றுதானே கேட்டு வாங்குகிறோம்! தொழில் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அது ஏன் போயிற்று? 1856-ல் இங்கிலாந்தில் பெர்க்கின் என்ற இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு ஊதாச் சாயம் கண்டார். 1868-ல் வேர்ச் சிவப்பின் சாரத்தை ஜெர்மன் விஞ்ஞானிகள் சோதனைச் சாலையில் உண்டாக்கினார்கள். 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இருபது ஆண்டுகளுக்குள் இந்தியாவின் அவுரிச் சாகுபடி சரிந்து விழுந்தது. விஞ்ஞானத்தின் மீது நமக்குப் பகையில்லை. விஞ்ஞானம் ஏகபோக முதலாளிகளின் கைக்குள் இருந்தபடியால், அதன் லாபம் அவர்களுக்கும் அதன் நஷ்டம் விவசாயிக்கும் சாயத் தொழிலாளிக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆனால், செடிச் சாயக் காலம் பொற்காலம் என்று யாராவது சொன்னால் அதையும் நாம் ஒப்ப மாட்டோம். வங்காளத்து விவசாயியைக் கேளுங்கள்! வெள்ளைத் தோட்ட முதலாளிகள் முன்பணம் கொடுத்துக் கடனில் மாட்டி, நெல் விளையும் நிலத்தில் அவுரி போடச் சொல்லி அடித்து உதைத்தார்கள். 1859-60-ல் விவசாயிகள் விதைக்க மறுத்துக் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தக் கொடுமையைத் தீனபந்து மித்ரா 1860-ல் 'நீல் தர்ப்பண்' என்ற நாடகமாக எழுதினார். பீகாரின் சம்பாரணில் 20 கட்டா நிலத்துக்கு 3 கட்டாவில் அவுரி போட்டே தீர வேண்டும் என்ற கட்டாயம், 1917-ல் காந்தியடிகள் அங்கே போய் விவசாயிகளின் வாக்குமூலங்களைத் திரட்டிய பிறகு, 1918-ல் சட்டத்தால்தான் ஒழிந்தது. அந்த நீலம் கலப்படமில்லாத இயற்கை நீலம். அதில் கலந்திருந்தது விவசாயியின் ரத்தம்.

அடுத்து, நம் காலத்துப் பாடம் திருப்பூர். பாசனத்துக்கென்று நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992-ல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவுநீர் தேங்கும் குட்டையாகிப் போனது. கீழ்ப்பாசன விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. விவசாயியின் வழக்கு நியாயமானது. ஆனால் நூற்றுக்கணக்கான பட்டறைகளின் கதவு ஒரே நாளில் மூடியபோது பட்டினி கிடந்தது யார்? மலிவான பனியன் வாங்கி லாபம் குவித்த வெளிநாட்டுக் கடைக்காரனா? இல்லை, தினக்கூலிக்காரன். ஜெர்மனி 1994-ல், தோலில் படும் துணிகளில் சில அசோ சாயங்களைத் தடை செய்தது. வாங்குகிறவனின் தோலுக்குச் சட்டம் வந்தது. தோய்க்கிறவனின் கைக்கும் நுரையீரலுக்கும் அதே அக்கறை எங்கே?

ஆகவே, செடிச் சாயம் வரட்டும். கண்ணைத் திறந்துகொண்டு வரவேற்போம். நூறு கிலோ அவுரி இலையில் ஒரு கிலோ நீலம்கூடத் தேறுவதில்லை. உலகத்து ஜனங்கள் அனைவருக்கும் செடியிலிருந்தே சாயம் எடுப்பதென்றால் சோற்றுக்கு நிலம் போதாது. எனவே ரசாயனச் சாயப் பட்டறைகளில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் கடமையிலிருந்து எந்த முதலாளியும் இயற்கையின் பெயரைச் சொல்லித் தப்ப முடியாது. செடிச் சாயத்திலும் நிறம் நிற்பதற்காகத் தாமிர உப்பும் குரோமிய உப்பும் சேர்த்தால் அந்தத் தண்ணீரும் விஷம்தான். ஆனால் காஞ்சிப் பட்டு போன்ற, உழைப்பும் விலையும் மிகுந்த கைத்தறித் துணிக்குச் செடிச் சாயம் பொருத்தமானது. திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் அவுரி பயிராகிறது. இலையைத் தொட்டியில் ஊறவைத்து, அந்த நீரைக் கலக்கி அடித்து, படிந்த நீலத்தைக் கட்டியாக்குகிறார்கள். பயறு வகையைச் சேர்ந்த அந்தச் செடி நிலத்துக்கும் உரமாகிறது. செடிக்கும் தறிக்கும் நடுவே தூரம் அதிகமில்லை. நடுவே நிற்பது வியாபாரிதான்.

செடிச் சாயத்துக்கு நாள் கூடுதலாகப் பிடிக்கும். நூலைப் பலமுறை தோய்த்து உலர்த்த வேண்டும். ஒரு தோய்ப்புக்கும் மறு தோய்ப்புக்கும் நிறம் சற்று மாறும். அந்தக் கூடுதல் நாளுக்குக் கூலி உண்டா? நிறம் மாறியதென்று கூலியில் பிடித்தம் செய்ய மாட்டார்களா? சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் முறையில், நூலுக்காகக் காத்துக் கிடக்கும் நாளெல்லாம் நெசவாளியின் தலையில்தானே விழும்! கடைக்காரர் வைக்கும் கூடுதல் விலையில் ஒரு பங்கு தறிக்குழிக்கு இறங்கி வராவிட்டால் இந்த இயக்கம் பணக்காரரின் பொழுதுபோக்காகவே முடியும்.

நமது கோரிக்கைகள் எளியவை. கூட்டுறவுச் சங்கங்களின் பொறுப்பில், சுத்திகரிப்பு வசதியோடு, சர்க்கார் செலவில் பொதுச் சாயச் சாலைகள் வேண்டும். அவுரி பயிரிடும் விவசாயிக்கு நிச்சய விலை வேண்டும். காத்திருக்கும் நாட்களையும் கணக்கிட்டுக் கூலி நிர்ணயிக்க வேண்டும். 1985-ம் ஆண்டுக் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டத்தை ஏட்டில் வைக்காமல் அமல் நடத்தி, விசைத்தறியில் நெய்து கைத்தறி என்று விற்கும் மோசடியை ஒழிக்க வேண்டும்.

பணம் எங்கே என்று மந்திரிகள் கேட்பார்கள். 1953-ல் மில் துணியின் மீது கூடுதல் தீர்வை விதித்து, கதருக்கும் கைத்தறிக்கும் நிதி திரட்டச் சட்டம் வந்தது. அன்று முடிந்தது இன்று முடியாதா? ஒரகடம் வட்டாரத்துப் பெரிய கம்பெனிகளுக்கு நிலமும் சாலையும் சலுகைகளும் தாராளமாக வழங்கிய கை, பக்கத்து ஊர்த் தறிகளுக்காக அவற்றிடம் ஒரு சிறு தீர்வை கேட்க ஏன் நடுங்குகிறது?

கேட்டால் கிடைக்காது, சேர்ந்து நின்றால் கிடைக்கும். இதே வட்டாரத்தில், சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் அவர்கள் சங்கம் பதிவாயிற்று. ஆலைக்குள் நிற்கும் பிள்ளையும் தறியில் அமர்ந்த தாயும் ஒரே வீட்டுக்காரர்கள். இருவர் உழைப்பையும் உறிஞ்சுவது ஒரே லாப வெறி. இருவரும் ஒரே அணியில் திரள வேண்டும். அப்போதுதான் வெயிலிலும் மழையிலும் வெளுக்காத சாயம் நம் துணியில் ஏறும்.