ரயிலை போட்டோ எடுப்பது குற்றமா? கேமராவுடன் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது?

2024 ஜூன் 3. மெக்சிகோவின் ஹிடால்கோ மாநிலத்தில் தண்டவாளத்தின் ஓரமாகப் பெரிய கூட்டம். குழந்தைகள், மாணவர்கள், குடும்பங்கள் என எல்லோர் கையிலும் செல்போன். கனடாவில் 1930-ல் தயாரான ‘எம்ப்ரஸ்’ என்ற 2816-ம் எண் நீராவி இன்ஜின், கனடாவின் கால்கரியில் இருந்து கிளம்பி மெக்சிகோ சிட்டி நோக்கி வந்துகொண்டிருந்தது.

அப்போது ஒரு இளம்பெண் தண்டவாளத்துக்கு மிக அருகில் மண்டியிட்டு, இன்ஜின் பின்னால் தெரியும்படி செல்ஃபி எடுக்கப் பார்த்தார். கடந்து சென்ற இன்ஜினின் ஒரு பகுதி அவர் தலையில் இடித்தது. அந்த இடத்திலேயே உயிரிழந்தார்.

கவனிக்க வேண்டிய விஷயம், அவர் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் நிற்கவில்லை, ஓரத்தில்தான் இருந்தார். ‘ஓரத்தில்தானே நிற்கிறோம், என்ன ஆகிடப் போகுது?’ என்று நினைப்பவர்கள் நம் ஊரிலும் நிறைய பேர் உண்டு. அதனால்தான் இந்தக் கேள்விகள் முக்கியமாகின்றன. ரயிலை போட்டோ எடுக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது? ஆபத்து எங்கே இருக்கிறது?

யார் இந்த ரயில் ரசிகர்கள்?

சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் ரசிகர்கள் இருப்பதைப்போல ரயிலுக்கும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘ரயில்ஃபேன்’ என்பார்கள். இன்ஜினின் எண், அது ராயபுரம், அரக்கோணம், ஈரோடு, பொன்மலை என எந்த ஷெட்டைச் சேர்ந்தது, ஹாரன் சத்தம், பெட்டிகளின் வரிசை என எல்லாவற்றையும் கவனிப்பார்கள். வழக்கமாக வரும் இன்ஜினுக்குப் பதிலாக வேறொன்று வந்தால் அது அவர்களுக்குப் பெரிய செய்தி. அதை ‘ஆஃப்லிங்க்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

ஒரே ஒரு போட்டோவுக்காக விடியற்காலையில் எழுந்து, பஸ் பிடித்து, வெயிலில் 3 மணி நேரம் காத்திருப்பவர்கள் இவர்கள். ரயில் கடந்துபோவது 20 வினாடிதான். பார்ப்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். ஆனால் இந்தப் பொழுதுபோக்கால் கிடைக்கும் பலன் சின்னதல்ல.

பழைய இன்ஜின் என்றால் ஏன் இவ்வளவு கூட்டம்?

காரணம் எளிது. இனி அவை கிடைக்காது. சித்தரஞ்சன் தொழிற்சாலை தன் கடைசி அகலப்பாதை நீராவி இன்ஜினை 1970-லேயே தயாரித்து முடித்துவிட்டது. அதற்கு ‘அந்திம் சிதாரா’, அதாவது கடைசி நட்சத்திரம் என்றே பெயர் வைத்தார்கள். 1990-களின் இறுதிக்குள் வழக்கமான பயணிகள் சேவையில் இருந்து நீராவி கிட்டத்தட்ட விடைபெற்றது. பாரம்பரிய மலை ரயில்களில்தான் இன்று அதைப் பார்க்க முடிகிறது.

தமிழ்நாட்டுக்கு அந்த வகையில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. மேட்டுப்பாளையம் - ஊட்டி இடையே 46 கிலோமீட்டர் ஓடும் நீலகிரி மலை ரயில். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. மேட்டுப்பாளையம் - குன்னூர் ஏற்றத்தில் 12 அடி முன்னே போனால் 1 அடி மேலே ஏற வேண்டும். சாதாரண இன்ஜினால் இது முடியாது. அதனால் நடுவில் பல்சட்டம் பதித்து, அதில் பல்சக்கரம் கோத்து ஏறும் ‘எக்ஸ்’ வகை நீராவி இன்ஜின்கள் ஓடுகின்றன. ஆரம்பத்தில் சுவிட்சர்லாந்தில் இருந்து வந்த இந்த இன்ஜின்களைப் பின்னாளில் திருச்சி பொன்மலை பணிமனையே புதிதாகத் தயாரித்துக் கொடுத்தது. குன்னூரில் இருந்து ஊட்டி வரை டீசல் இன்ஜின் இழுக்கிறது.

சென்னைக்கும் ஒரு பொக்கிஷம் உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855-ல் தயாரான ‘இ.ஐ.ஆர்-21’ இன்ஜின் 1909-ல் ஓய்வு பெற்றது. நூறு ஆண்டுகள் சும்மா நின்ற அந்த இன்ஜினை பெரம்பூர் லோகோ பணிமனை ஊழியர்கள் 2010-ல் மறுபடியும் ஓட வைத்தார்கள். எழும்பூர் - கோடம்பாக்கம் இடையே அது பாரம்பரிய ஓட்டமாக வந்தபோது பிளாட்பாரங்களில் கேமராக்கள்தான் நிறைந்திருந்தன.

இப்போது அடுத்த தலைமுறையும் விடைபெறுகிறது. அமெரிக்காவின் ‘ஆல்கோ’ நிறுவன வடிவமைப்பில் 1962 முதல் இந்தியாவில் ஓடிய டீசல் இன்ஜின்கள் அவை. புகையைக் கக்கிக்கொண்டு அதிர அதிர வரும் அந்தச் சத்தத்துக்கே தனி ரசிகர் கூட்டம் உண்டு. அகலப்பாதை முழுக்க மின்மயம் ஆகிவரும் நிலையில் ஆல்கோ இன்ஜின்கள் ஒவ்வொன்றாக ஓரங்கட்டப்படுகின்றன. ‘கடைசியா ஒரு தடவை’ என்று ரசிகர்கள் ஓடுவது இதனால்தான்.

போட்டோ எடுத்து என்ன ஆகப்போகிறது?

பாம்பனை எடுத்துக்கொள்வோம். 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் செங்குத்தாக மேலே தூக்கும் புதிய பாலம் திறக்கப்பட்டது. இரண்டு பக்கமும் இறக்கை போல விரியும் பழைய தூக்குப் பாலத்தின் மீது ரயில் ஊர்ந்துபோகும் காட்சியை இனி யாராலும் எடுக்க முடியாது. எடுத்து வைத்தவர்களிடம் மட்டும்தான் அது இருக்கிறது.

சென்னை கடற்கரை - தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார ரயிலும் அப்படித்தான். 1931-ல் தொடங்கி 2004 வரை ஓடியது. பின்னர் விழுப்புரம் வரை நீண்ட அந்த மீட்டர்கேஜ் மின்பாதைக்காக ஜப்பானில் இருந்து 20 இன்ஜின்கள் வந்தன. இன்று சென்னையில் வளரும் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு ரயில் ஓடியதே தெரியாது. அந்தப் பெட்டியின் நிறம், ஸ்டேஷன் பலகை, கூட்டம் தொங்கிய விதம் எல்லாம் யாரோ ஒரு ரசிகரின் ஃபிலிம் ரோலில் இருந்துதான் கிடைக்கின்றன.

அலுவலகக் கோப்பில் இன்ஜின் எண் இருக்கும். அது எப்படி இருந்தது என்பது போட்டோவில்தான் இருக்கும். பழைய இன்ஜினைப் புதுப்பிக்கும்போது என்ன நிறம், எழுத்து எங்கே, விளக்கு எப்படி என்ற கேள்விகளுக்குப் பதில் தருவதும் இதுபோன்ற படங்கள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் ‘ரயிலை போட்டோ எடுப்பது குற்றம்’ என்று தனியாக ஒரு பிரிவு கிடையாது. அப்போ எப்படி கேஸ் வருகிறது? பெரும்பாலும் நிற்கும் இடத்தால்தான்.

* பிரிவு 147: அனுமதி இல்லாமல் ரயில்வே பகுதிக்குள் நுழைவது அத்துமீறல். 6 மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். தண்டவாளம், யார்டு, ஷெட், மலை ரயில் பாலம் எல்லாமே இதில் அடங்கும்.

* பிரிவு 146: ரயில்வே ஊழியரின் பணிக்கு இடையூறு செய்தால் இதே அளவு தண்டனை.

* பிரிவு 153: தெரிந்தே பயணிகளின் பாதுகாப்புக்கு ஆபத்து ஏற்படுத்தினால் 5 ஆண்டு வரை சிறை. போட்டோவுக்காக தண்டவாளத்தில் பொருட்களை வைத்து விளையாடுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

* பிரிவு 156: எச்சரித்த பிறகும் கூரையிலோ படிக்கட்டிலோ இன்ஜினிலோ பயணித்தால் 3 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

இவை தவிர, 1923-ம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டத்தின் கீழ் சில இடங்களைத் தடைசெய்யப்பட்ட பகுதியாக அரசு அறிவிக்கலாம். ‘புகைப்படம் எடுக்கக் கூடாது’ என்று பலகை இருக்கும் பாலங்களில் கேமராவை எடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு. ட்ரோனுக்கு 2021-ம் ஆண்டு ட்ரோன் விதிகள் தனியாகப் பொருந்தும். சினிமா, விளம்பர ஷூட்டிங் என்றால் ரயில்வேயிடம் முன் அனுமதியும் கட்டணமும் கட்டாயம்.

சிக்கல் எங்கே என்றால், இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு. யூடியூபில் போட்டு வருமானம் பார்க்கும் வீடியோ சொந்த உபயோகமா, வணிகமா? செல்போனுக்கு ஒன்றும் சொல்லாத காவலர், பெரிய லென்ஸைப் பார்த்தால் நிறுத்துவது ஏன்? ‘நேற்று விட்டாங்க, இன்னைக்கு விரட்டுறாங்க’ என்பது ரசிகர்கள் அடிக்கடி சொல்லும் புகார். பாதுகாப்புப் படையினர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கூட்டத்தில் யார் ரசிகர், யார் வேறு நோக்கத்தோடு வந்தவர் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஓரத்தில் நின்றாலும் ஏன் ஆபத்து?

முதல் காரணம் ரயிலின் அகலம். அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடைவெளி 1.676 மீட்டர். பெட்டியின் அகலமோ சுமார் 3.24 மீட்டர். அதாவது தண்டவாளத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் முக்கால் மீட்டருக்கு மேல் ரயில் நீட்டிக்கொண்டு வரும். மெக்சிகோவில் உயிரைப் பறித்ததும் இப்படி நீட்டிக்கொண்டிருந்த பகுதிதான்.

இரண்டாவது, வேகம். மணிக்கு 130 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 36 மீட்டர். செல்போனின் அகலக் கோண லென்ஸ், ரயிலை உண்மையில் இருப்பதைவிடத் தூரத்தில் இருப்பதுபோலக் காட்டும். ஸ்கிரீனைப் பார்த்து ‘இன்னும் நேரம் இருக்கு’ என்று நினைக்கும்போது ரயில் பக்கத்தில் வந்துவிடும்.

மூன்றாவது, பக்கத்துப் பாதை. ஒரு ரயிலைப் படம் எடுக்கும் சத்தத்தில், எதிர்த் திசையில் இன்னொரு ரயில் வருவது காதில் விழாது.

நான்காவது, மேலே ஓடும் 25,000 வோல்ட் மின்கம்பி. அதைத் தொட வேண்டும் என்றே இல்லை. அருகில் போனாலே மின்சாரம் பாயும். அதனால்தான் 2 மீட்டருக்குள் போகக் கூடாது என்கிறார்கள். நின்றுகொண்டிருக்கும் கூட்ஸ் வண்டியின் மேல் ஏறி செல்ஃபி எடுத்த இளைஞர்கள் கருகிப்போனது இப்படித்தான்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

பிரிட்டனில் 1923-ல் தயாரான ‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன்’ இன்ஜின், பல ஆண்டு பழுதுபார்ப்புக்குப் பிறகு 2016 பிப்ரவரி 25 அன்று லண்டனில் இருந்து யார்க் நகருக்கு ஓடியது. ரசிகர்கள் தண்டவாளத்துக்குள் இறங்கியதால் வழியில் ரயிலையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஜப்பானிலும் 2010-ல் ஒசாகா அருகே ஒரு சிறப்பு ரயிலைப் படம் எடுக்க ரசிகர்கள் பாதைக்குள் நுழைந்ததால் சேவை பாதித்தது. அங்கே ரயில் புகைப்பட ரசிகர்களைக் குறிக்கும் ‘தோரிதெட்சு’ என்ற சொல், இன்று பலர் முகம் சுளிக்கும் சொல்லாகவே மாறிவிட்டது.

ஆனாலும் அங்கே கேமராவுக்குத் தடை போடவில்லை. பிரிட்டனில் ரசிகர்களுக்கான விதிகள் வெளிப்படையாக இருக்கின்றன. பிளாட்பாரத்தில் சொந்த உபயோகத்துக்குப் படம் எடுக்கலாம், மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது, ஃபிளாஷ் கூடாது. இருட்டில் வரும் ஓட்டுநரின் கண்ணை ஃபிளாஷ் கூசவைக்கும். ரயில்வே ஊழியர்களின் பாதுகாப்பு உடை போன்ற நிறத்தில் உடை வேண்டாம் என்பதுவரை சொல்கிறார்கள். ஜப்பானிய ரயில் நிறுவனங்கள் டிப்போவிலேயே இன்ஜின்களை வரிசையாக நிறுத்தி, கட்டணம் வாங்கிக்கொண்டு போட்டோ எடுக்க விடுகின்றன. ரசிகருக்குப் படம், நிறுவனத்துக்கு வருமானம்.

இங்கே என்ன தேவை?

பாரம்பரிய ரயில் ஓட்டத்தை அறிவிப்பதே மக்கள் பார்க்க வேண்டும் என்றுதான். கூட்டம் வரும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். அப்படியிருக்க, எங்கே நின்று பார்க்கலாம் என்பதையும் அதே அறிவிப்பில் சொன்னால் என்ன? இரண்டு மூன்று ஸ்டேஷன்களில் கயிறு கட்டி இடம் ஒதுக்கலாம். சொந்த உபயோகத்துக்கான படத்துக்கு என்ன விதி என்பதைத் தமிழில் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். காவலருக்கும் ரசிகருக்கும் தினமும் நடக்கும் வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

ரசிகர்கள் பக்கமும் பொறுப்பு இருக்கிறது. பிளாட்பார டிக்கெட்டுக்கு ஆகும் செலவு 10 ரூபாய், 2 மணி நேரம் செல்லும். நடைமேம்பாலம், பொதுச் சாலை, மூடிய கேட்டுக்கு வெளியே என நல்ல படம் கிடைக்கும் பாதுகாப்பான இடங்கள் நிறைய இருக்கின்றன. தண்டவாளத்தில் நின்று எடுத்த படத்துக்கு லைக் போடாமல் இருப்பதும் ஒரு உதவிதான். அந்த ஒரு படத்தைப் பார்த்து நாளைக்கு பத்து சிறுவர்கள் அதே இடத்தில் போய் நிற்பார்கள்.

ஆல்கோ இன்ஜின்கள் இன்னும் எத்தனை நாள் ஓடுமோ தெரியாது. அவற்றைப் படம் எடுத்து வைக்க ஆள் வேண்டும். எடுத்தவர் பத்திரமாக வீடு திரும்பவும் வேண்டும்.