ஐராவதி எப்ப சார்?

1942 ஏப்ரல். விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதும், அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊருக்கே கிலி. நான் தினமும் தொங்கிக்கொண்டு போகிற தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்தே ஓடுகிறது. அந்தத் தாம்பரத்தைத் தாண்டித்தான் எக்மோர் ரயில்கள் மூட்டை முடிச்சோடு ஜனங்களைத் தெற்கே கொண்டுபோயின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வம்பு என்று மிருகக்காட்சி சாலைச் சிங்கம், புலிகளைச் சுட்டே விட்டார்கள்!

சரி, எதிரி கரையேறினால் தடுப்பது யார்? தென்னிந்தியாவுக்கு முக்கியமாக நம்பியிருந்தது 19-வது இந்திய டிவிஷனை. செகந்திராபாத்தில் 1941 அக்டோபரில் பிறந்தது. வயசு ஆறே மாசம், பயிற்சியே முடியவில்லை.

கணக்கு சுலபம். 62, 64, 98 என்று மூன்று பிரிகேடு. பிரிகேடுக்கு மூன்று பட்டாலியன், பட்டாலியனுக்குச் சுமார் 800 பேர். கூடவே பீரங்கி, இன்ஜினீயர், ஆம்புலன்ஸ். சின்னம், குத்துவாள்.

ஜப்பான்காரன் வரவில்லை. குத்துவாள் உறையிலேயே இருந்தது. 'பாக்கெட் நெப்போலியன்' என்று பேரெடுத்த குள்ள ஜெனரல் ரீஸ், 1942 அக்டோபரில் வந்து பெண்டு நிமிர்த்தினார். பயிற்சி, பயிற்சி, மறுபடி பயிற்சி!

1944 நவம்பரில்தான் பர்மா யுத்தத்துக்குக் கூப்பிட்டார்கள். சிந்த்வினைத் தாண்டி, 1945 ஜனவரியில் ஐராவதியையும் தாண்டி, மார்ச் 20-ல் மாண்டலே கோட்டையைப் பிடித்தது இந்த 'ரிசர்வ்' பட்டாளம். ஊர் திரும்பாதவர்களும் அதில் நிறைய.

உங்களைக்கூட மேனேஜர் "ரிசர்வ்ல வெச்சிருக்கேன்ப்பா" என்பாரே? மூஞ்சியைத் தூக்காதீர்கள். "ஐராவதி எப்ப சார்?" என்று மட்டும் கேட்டு வையுங்கள்.