முடக்க ஆணைக்கு எதற்கு ரகசியம்?

ஒரு கேலிச்சித்திரத்துக்காக ஓர் இதழின் இணையதளம் முழுவதையும் முடக்கும் அதிகாரம் எந்த அரசுக்கும் இருக்கக் கூடாது.

2025 பிப்ரவரியில் ஆனந்த விகடனுக்கு நேர்ந்தது அதுதான். அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டதைக் கண்டு நாடே கொதித்த நேரம். அதிபர் டிரம்ப் அருகே பிரதமர் கைவிலங்குடன் அமர்ந்திருக்கும் சித்திரம் விகடன் ப்ளஸ் மின்னிதழில் வெளியானது. முறையான அறிவிப்பு நிறுவனத்தின் கைக்கு வரும் முன்பே, வாசகர்கள் பலரால் தளத்தைத் திறக்க முடியவில்லை. மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முடக்கத்தை நீக்க வழி செய்தது. ஆனால், சித்திரத்தைத் தற்காலிகமாக அகற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு.

1987இல் இதே இதழின் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனை, அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காகத் தமிழகச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. அநீதிதான். ஆனால் தண்டித்தது யார், எதற்காக என்பது ஊரறிந்த செய்தி. எதிர்ப்பு வலுத்ததும் அவர் விடுவிக்கப்பட்டார். இன்றோ 2009ஆம் ஆண்டு முடக்க விதிகளில் 16ஆவது விதி, புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. இந்த விதிகளுக்கு அடிப்படையான, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் ஏற்றபோது, காரணங்கள் எழுத்தில் பதிவாகும், அவற்றை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்பதையே பாதுகாப்பாகச் சுட்டிக்காட்டியது. ஆணையே கண்ணில் படாவிட்டால் எதை எதிர்ப்பது?

மத்திய அரசு 16ஆவது விதியை நீக்க வேண்டும். ஒவ்வொரு முடக்க ஆணையும் காரணங்களோடு வெளியிடப்பட வேண்டும். செய்தி நிறுவனத்தின் விளக்கத்தைக் கேட்ட பிறகே நடவடிக்கை. அதுவும் குறிப்பிட்ட பக்கத்தின் மீது மட்டுமே.