பசுமைப் பத்திரமும் தண்ணீர்க் கணக்கும்

மருத்துவமனைக் கட்டடங்களுக்குப் பசுமைச் சான்றிதழ் பெறுவது நம் தேசத்தில் இப்போது ஒரு கௌரவமாகி வருகிறது. 2001ஆம் ஆண்டில் தோன்றி ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் இந்தியப் பசுமைக் கட்டட மன்றமும், அமெரிக்காவிலிருந்து வந்த லீட் முறையும், இந்நாட்டிலேயே வகுக்கப்பட்ட கிரிஹா முறையும் மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருள், உள்ளே உலவும் காற்று ஆகிய ஒவ்வொன்றையும் பரிசீலித்துப் புள்ளிகள் வழங்குகின்றன. லீட் முறையில் 110 புள்ளிகளுள் 80 பெற்ற கட்டடம் பிளாட்டினம், 60 பெற்றது தங்கம், 50 பெற்றது வெள்ளி. நகைக்கடைப் பெயர்களைக் கட்டடங்களுக்குச் சூட்டும் இந்த ரசனையைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. மும்பையில் குர்லாவிலுள்ள கோஹினூர் மருத்துவமனை பிளாட்டினமே பெற்றிருக்கிறது.

என்னைப் போன்ற திண்டுக்கல்வாசிக்கு அந்தப் புள்ளிப் பட்டியலில் முதலில் கண்ணில் படுவது தண்ணீர். ஒரு பக்கம் சிறுமலையும் மறுபக்கம் கொடைக்கானல் மலைத்தொடரும் மேகங்களைத் தமக்கென்று வைத்துக்கொள்ள, இடையில் கிடக்கும் சமவெளியில், தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவால் கிணறுகள் பல கெட்டுப்போன பின்பு, ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தையும் குழாய்வழி வரும் காவிரியையும் நம்பிக் குடத்தோடு காத்திருந்து பழகிய ஜனங்கள் நாங்கள். வீட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடும் இந்தியத் தர நிர்ணய விதி, நூறு படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனையில் படுக்கை ஒன்றுக்கு 450 லிட்டர் என்று வகுத்திருக்கிறது. ஆகவே 300 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி ஒன்று, வீட்டுக் கணக்கில் ஆயிரம் பேருக்குப் போதுமான 1,35,000 லிட்டரைத் தினந்தோறும் கோருகிறது. சலவையும், கருவிகளைச் சுத்திகரிக்கும் நீராவியும், டயாலிசிஸ் பிரிவும் அதைக் குடிக்கின்றன. டயாலிசிஸுக்காக நீரை வடிகட்டும் எந்திரம் ஒதுக்கித் தள்ளும் தண்ணீரை மட்டும் ஒரு தொட்டியில் சேர்த்துக் கழிவறைக்கும் தோட்டத்துக்கும் விட்டால்கூட எவ்வளவோ பிரயோஜனம் உண்டு.

காற்றின் விஷயம் வேறு. அறுவை சிகிச்சை அறையில் மணிக்கு இருபது முறையேனும் காற்று மாற வேண்டுமாதலால் எந்திரத்தைத் தவிர்க்க இயலாது. ஆனால் 1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மையார் சின்னாளபட்டிக்கு அருகில் காந்திகிராமத்தைத் தோற்றுவித்து, அங்கே கஸ்தூர்பா மருத்துவமனை வளர்ந்த காலத்தில், குளிர்சாதனத்தைக் கனவிலும் காணாத ஆஸ்பத்திரிகள் உயர்ந்த கூரையையும், நீண்ட தாழ்வாரத்தையும், எதிரெதிர் ஜன்னல்களையும், வேம்பின் நிழலையும் கொண்டே நோயாளிகளைக் காத்து வந்தன. காற்றால் பரவும் நோய்களைத் தடுக்க இயற்கைக் காற்றோட்டமும் ஓர் உபாயம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2009இல் நெறிமுறையே வெளியிட்டது. ஆகையால் பொது வார்டையும் காத்திருக்கும் கூடத்தையும் கண்ணாடிச் சுவரால் அடைத்து, அந்த அடைப்பைச் சிக்கன எந்திரத்தால் குளிரவைத்துப் புள்ளி வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

கட்டடத்தைக் காட்டிலும் அதனுள்ளே நடக்கும் காரியமே பெரிது என்பதற்கு அத்தாட்சி மதுரையிலேயே இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் நடக்கும் கண்புரை அறுவை சிகிச்சையை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வொன்று, ஒரு சிகிச்சையால் வெளியாகும் கரியமில வாயு சுமார் ஆறு கிலோ என்றும், இங்கிலாந்தில் அதே சிகிச்சைக்கு ஆவதில் அது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் என்றும் கண்டது. ஒருமுறை உபயோகித்து எறியும் பழக்கத்தை விடுத்து, கருவிகளை விரைவாகச் சுத்திகரித்து மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதே இதற்கு முக்கிய காரணம். அதனால் கிருமித் தொற்று அதிகரித்துவிடவும் இல்லை. இந்தப் பழக்கத்தை எந்த வரைபடத்தில் காட்டிப் புள்ளி கேட்பது? புதுக் கட்டடத்துக்கான சான்றிதழோ பெரும்பாலும் வரைபடத்தையும் உத்தேசக் கணக்கையும் பார்த்தே வழங்கப்படுகிறது. ஐந்து வருஷம் கழித்துச் சுத்திகரிப்பு நிலையத்தின் மோட்டார் பழுதாகிக் கிடந்தாலும், சுவரில் மாட்டிய பத்திரம் மாட்டியபடியே இருக்கும்.

2022 ஜனவரி 12ஆம் தேதி தமிழகத்தில் ஒரே நாளில் திறந்து வைக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் எங்கள் ஊர்க் கல்லூரியும் ஒன்று. அதன் ஆஸ்பத்திரிக்கு எந்த உலோகத்தின் பெயரால் பத்திரம் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. சென்ற மாதம் படுக்கை ஒன்றுக்கு எத்தனை லிட்டர் தண்ணீரும் எத்தனை யூனிட் மின்சாரமும் செலவாயின என்பதைப் புறநோயாளிப் பிரிவின் வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதி வைத்தால் போதும். ஓ.பி. சீட்டுக்காக வரிசையில் நிற்பவர்கள் அதைப் படிப்பார்கள். படித்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடியவர்களும் அல்லர்.