காரை வெட்டாதீர்கள், கலர் அடிக்காதீர்கள்

பழைய குடும்பப் படங்களுக்கு இப்போது கெட்ட காலம். பரணில் கிடந்தவரை கரையானும் ஈரமும்தான் எதிரி. இன்று கைபேசிக்கு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக ஓரங்களை வெட்டி முகத்தை மட்டும் நிறுத்துகிறார்கள். அடுத்து ஏதோ ஒரு செயலியில் போட்டுக் கலர் அடித்து, 'தெளிவாக்கி', குடும்ப வாட்ஸ்அப்பில் ஏற்றிவிடுகிறார்கள். இந்த இரண்டு வேலையும் வேண்டாம் என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் போட்டோக்காரன் இல்லை. சென்னை ஜி.பி. ரோட்டில் கார் உதிரி பாகக் கடையில் நின்றே வயசைக் கழித்தவன். மோரிஸ், லேண்ட்மாஸ்டர், ஹெரால்டு என்று கம்பெனியே கைவிட்ட வண்டிகளுக்குச் சாமான் கேட்டு வருவார்கள். புதுப்பேட்டையில் அலைந்து எடுத்துக் கொடுப்பேன். அப்படியே, பம்பரின் ஒரு முனை தெரிந்தால்கூட வண்டியைச் சொல்லிவிடுவான் என்று ஒரு பெயர் வந்துவிட்டது. அதனால் இப்போது சாமானுக்குப் பதில் படத்தோடு வருகிறார்கள். "அண்ணாச்சி, எந்த வருஷத்துப் படம்னு மட்டும் சொல்லிடுங்க." வண்டி எந்த வருஷத்தது என்று சொல்லலாம். படம் எந்த வருஷத்தது என்பது வேறு சமாச்சாரம்.

ஒரு தம்பி கைபேசியில் காட்டிய படத்தைச் சொல்கிறேன். சின்னக் கார், பக்கத்தில் கோட்டும் தலைப்பாகையுமாக அவருடைய கொள்ளுத்தாத்தா. புதுக் கார் வாங்கிய அன்று எடுத்தது, வருஷம் 1936 என்பது வீட்டில் வழிவழியாக வந்த பேச்சு. படம் பளபளவென்று இருந்தது. காருக்கு மெரூன் கலர்கூட ஏறியிருந்தது. எனக்கு உறுத்தியது ஹெட்லைட். இரண்டு விளக்கும் நேற்றுத்தான் மாட்டியது போல மின்னின, ஆனால் ஒன்றின் வளையம் மற்றதைவிடப் பெரிசு. அப்படி எந்தக் கம்பெனியும் செய்ததில்லை. அசலைக் கொண்டுவரச் சொன்னேன்.

அட்டையில் ஒட்டிய, பழுப்பேறிய படம் வந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மோரிஸ் எய்ட். ரேடியேட்டரைச் சுற்றி குரோம் சட்டம், சக்கரத்தில் கம்பி ஆரங்கள். அடுத்து வந்த சீரிஸ் 2 வண்டியில் சட்டத்துக்குப் பெயின்ட் அடித்தார்கள், சக்கரமும் தகட்டுச் சக்கரம் ஆனது. ஆக இது 1935 வாக்கில் வந்த முதல் ரகம். வண்டியைப் பொறுத்தவரை வீட்டுப் பேச்சு பொய் இல்லை. ஆனால் ஒரு ஹெட்லைட்டின் மேல் தகர மூடி இருக்கிறது, அதன் நடுவில் கீறல் மாதிரி ஒரு திறப்பு. இன்னொன்றில் மேல் பாதிக்குக் கறுப்புப் பெயின்ட். மட்கார்டின் ஓரம் முழுக்க வெள்ளைப் பட்டை. இது போர்க்கால இருட்டடிப்பு வேஷம். ஜப்பான்காரன் வருகிறான் என்று 1942 ஏப்ரலில் மெட்ராஸ் ஊரே பாதி காலியான காலத்தை ஒட்டிய படம். தாத்தா அதைப் புதிதாக வாங்கினாரா, யாரோ ஊரைக் காலி செய்தபோது கைமாறியதா என்பது படத்தில் இல்லை. 1936 மட்டும் கிடையாது.

செயலி என்ன செய்தது? தகர மூடியை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டு, தன் கையிலிருந்து ஒரு புது விளக்கை மாட்டிவிட்டது. படத்துக்குக் காலம் சொல்ல இருந்த சாட்சியையே கலைத்துவிட்டது. அம்பாசிடர் கிரில்லில் அது பின்னித் தருகிற கம்பிகளையும், நம்பர் பிளேட்டில் எழுதித் தருகிற, எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகளையும் பார்த்து நான் சிரிப்பதுண்டு. ஆனால் பேரன் பேத்திகள் அதைத்தான் அசல் என்று வைத்துக்கொள்ளப் போகிறார்கள்.

படத்தில் உள்ள கார் நமக்கு உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: இந்த மாடல் வருவதற்கு முன்னால் இந்தப் படம் எடுத்திருக்க முடியாது. எவ்வளவு பின்னால் என்பதற்கு அது பொறுப்பில்லை. அமெரிக்க வண்டிகள் ஆண்டுதோறும் முகத்தை மாற்றிக்கொண்டவை. அதனால் செவர்லே, ஃபோர்டு என்றால் மாடல் வருஷத்தையே சொல்லிவிடலாம். அதைக் கேட்டதும் படத்தின் பின்னால் அந்த வருஷத்தை எழுதிவிடுகிறார்கள். நம் ஊரில் கார் அவ்வளவு சீக்கிரம் சாகாது. கிராமத்தில் காரை 'பிளசர்' என்று சொன்ன காலத்து வண்டிகள் கல்யாண வாடகைக்கு வெகுகாலம் ஓடின. காமராஜரின் எம்.டி.டி. 2727 எல்லாருக்கும் தெரியும். 1950களின் தொடக்கத்து செவர்லே அது. முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலும், பிறகும் அவரோடு ஓடியது. அந்தக் காரோடு அவர் நிற்கும் படத்துக்கு மாடலை வைத்துத் தேதி போட்டால் எங்கே போய் முடியும்?

அம்பாசிடர் இன்னும் மோசம். 1950களின் கடைசியில் வந்து 2014 வரை ஏறக்குறைய அதே உடம்போடு இருந்த வண்டி. 1960களின் தொடக்கத்தில் மார்க் 2 வந்தபோது கிரில் பொடிக்கட்டமானது. 1970களின் கடைசியில் மார்க் 4 வந்து சைட் லைட் தனியாகப் பிரிந்தது. அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பழைய வண்டிக்குப் புது முகம் மாட்டிக்கொள்ள ஆசைப்பட்டவர்களுக்குச் சாமான் விற்றே எங்கள் கடையில் அடுப்பெரிந்த நாட்கள் இருக்கின்றன. பியட்டில் கதவு திறந்திருந்தால் அதிர்ஷ்டம்: முன்கதவின் கீல் பின்பக்கம் இருந்தால் பழைய 1100, முன்பக்கம் இருந்தால் 1964இல் வந்த 1100டி அல்லது அதற்குப் பிறகு வந்தது. ஹெரால்டுக்கு நான்கு கதவு என்றால் வண்டலூர்த் தொழிற்சாலையில் பிற்பாடு செய்தது. அப்படி ஒன்றை இங்கிலாந்தில்கூடச் செய்யவில்லை.

உண்மையில் காரைவிட காரில் ஒட்டிக்கொண்டிருப்பவைதான் காலத்தைச் சொல்லும். பின்னால் கரி வாயு உருளை கட்டியிருந்தால் பெட்ரோல் ரேஷன் காலம். டி.வி.எஸ். கம்பெனியே அப்போது அந்தக் கலனைச் செய்து விற்றது. நம்பர் பிளேட் 'எம்'மில் தொடங்கினால் வண்டி பெரும்பாலும் மெட்ராஸ் மாநிலக் காலத்தில் பதிவானது. 1969இல் பெயர் தமிழ்நாடு ஆன பிறகு 'டி' வரத் தொடங்கியது. படத்தின் பின்னால் ஸ்டுடியோ முத்திரையில் 'மெட்ராஸ்-2' என்று மட்டும் இருக்கிறதா, ஆறு இலக்கப் பின்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பின்கோடு 1972 ஆகஸ்டில்தான் வந்தது. முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்கிறவர்களுக்கு இது கிடைக்காது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் யார் வீட்டுப் படம் என்றே தெரியாமல் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அங்கே கேட்பதற்குக் குடும்பம் இல்லை, வண்டி ஒன்றுதான் பேசும். பிளேட்டில் ஒற்றை எழுத்தும் எண்ணும் இருந்தால் மலாயா என்று சந்தேகப்படுவேன். A என்றால் பேராக், P என்றால் பினாங்கு, B என்றால் சிலாங்கூர். செட்டிநாட்டு வீட்டுப் படம் என்று வாங்கியது ஈப்போ கடைத்தெருவில் எடுத்ததாக இருக்கலாம். ஸ்டீயரிங் இடது பக்கம் தெரிந்தால் உடனே அமெரிக்கா என்று முடிவுகட்டவும் வேண்டாம். சேலை முந்தானை எந்தத் தோளில் என்று பாருங்கள். வலது தோளில் கிடந்தால், நெகடிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்த கேஸாக இருக்கலாம்.

கலர் அடித்த படம் அம்மாவுக்குப் பிடித்திருக்கிறதே என்பார்கள். பிடிக்கட்டும், பிரேம் போட்டு மாட்டட்டும். அசலைக் கீறலோடு, ஓரத்தோடு, பின்பக்கத்தோடு பெரிய அளவில் ஸ்கேன் செய்து தனியாக வைத்துவிட்டு அதைச் செய்யட்டும்.

வெட்டுகிறவர்கள் காரோடு சேர்த்து இன்னொருவரையும் வெட்டிவிடுகிறார்கள். பானெட்டுக்கு அந்தப் பக்கம், காக்கிச் சட்டையில், கையில் துடைக்கிற துணியோடு ஒருவர் நிற்பார். இந்தப் படங்கள் பலவற்றில் கார் குடும்பத்துடையதே கிடையாது, இரவல் அல்லது வாடகை. காரின் மேல் உரிமையாகக் கை வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். யாருடைய வண்டி, எந்த ஊரிலிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை அவர் பெயரில் இருக்கும். அந்தப் பெயர் தெரிந்த பெரியவர் வீட்டில் இன்னும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுப் படத்தின் பின்னால் எழுதிவிடுங்கள். மெல்லிய பென்சிலில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும்.